பழசை வெச்சுட்டுப் போங்கோ

ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் ஆம்ப்ரோஸின் துப்பாக்கியிலிருந்து டம்மி தோட்டா வெளியே வரவில்லை.

மந்தைவெளியில் எங்கள் கம்பெனி. வங்கிக்கும் கடைகளுக்கும் பணம் ஏற்றி இறக்கும் வேன் மூன்று, பம்ப் துப்பாக்கி ஆறு, அவற்றைத் தூக்குகிற ஆட்கள் ஆறு பேர். லைசென்ஸ் கம்பெனி பெயரில், அதில் இந்த ஆறு பேரின் பெயரும் உண்டு. நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். மாதத்தின் முதல் திங்கள் ஆறு துப்பாக்கியையும் சோதித்து ரெஜிஸ்டரில் ‘தகுதி உள்ளது’ என்று எழுதி, தேவானை என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வேன் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது வங்கிக்காரர்கள் போட்ட விதி.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மருந்தில்லாத டம்மி தோட்டாவை உள்ளே ஏற்றி, முன்கட்டையைச் சடக்கென்று பின்னால் இழுத்தால் அது வெளியே துள்ளி விழ வேண்டும். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு கொக்கி இருக்கிறது. அதுதான் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும். கொக்கி மழுங்கிப் போனால் முதல் தோட்டா சுடும், காலிக் கூடு உள்ளேயே கிடக்கும், இரண்டாவது ஏறாது. அதற்குப் பிறகு கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, உலக்கை.

ஆம்ப்ரோஸ் மூன்று தடவை இழுத்தார். வரவில்லை.

“மூணு மாசம்கூட ஆவல சிஸ்டர். லஸ்ஸு கடையில கொடுத்து கொக்கி மாத்திக்கினு வந்தோமே, அதே துப்பாக்கி” என்றார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசிக்கிற அதே குரலில்தான் எப்போதும் பேசுவார்.

“புதுசுன்னு பில்லு கீது. ஜாமான் புதுசான்னு பாருக்கா” என்றான் பாலு. அவனும் துப்பாக்கிக்காரன்தான். வாய் மட்டும் அவனுக்குத் தனி லைசென்ஸ்.

ஆம்ப்ரோஸ் துப்பாக்கியைப் பிரித்து, கொக்கி இருக்கிற பாகத்தை என் மேஜையில் பழைய பேப்பர் மேல் வைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கிண்டி எஸ்டேட்டில் ஸ்பிரிங் பட்டறையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள் நான். புது உருப்படியின் பளபளப்பு வேறு, எமரித் தாள் போட்டுத் தேய்த்த பளபளப்பு வேறு. இது தேய்த்தது. கோடு கோடாகத் தெரிந்தது. கொக்கியின் உள்மூலையில் காவி நிறத்தில் ஏதோ இறுகிப் போயிருந்தது. குண்டூசியால் நோண்டி, உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சிவப்பாகக் கரைந்தது.

பாலு குனிந்து மோந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

“அக்கா, இது என் சந்தனம்.”

“சந்தனத்துல உன் பேரு எழுதியிருக்கா?”

“எழுதல. ஜவ்வாது கலந்துகீது. மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், மெலிசாக, ஜவ்வாது.

போன வருஷ ஆயுத பூஜையை நான் மறக்க முடியாது. ஆறு துப்பாக்கியையும் பெஞ்சில் வரிசையாக வைத்து, கட்டை மேல் ஒவ்வொரு பொட்டு வைக்கச் சொன்னேன். பாலு பக்தி முற்றி, ஜவ்வாது கலந்த சந்தனத்தைக் குழைத்து, தன் துப்பாக்கியின் திறந்த வாயில், உள்ளேயே, கொத்தனார் பூசுகிற மாதிரி பூசிவிட்டான். அதன் மேல் குங்குமம். மறுநாள் அது சிமெண்டாக இறுகிக் கட்டை நகரவில்லை. “சாமி உள்ள இருக்கணும்னு வெச்சேன்க்கா” என்றான். ஒரு மணி நேரம் குண்டூசியும் மண்ணெண்ணெயுமாகச் சுரண்டினேன். அந்த உள்மூலை மட்டும் எட்டவில்லை. கொக்கியும் தேய்ந்திருந்ததால் லஸ்ஸுக்கு அனுப்பி மாற்றி வாங்கினோம். பழைய கொக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கொக்கிதான் இப்போது ஆம்ப்ரோஸ் துப்பாக்கிக்குள், புதுசு என்ற பில்லோடு, உட்கார்ந்திருந்தது.

லஸ் கடைக்காரர் ஸ்ரீரங்கனை நான் சும்மா பிடிக்கவில்லை. எங்களிடம் இருக்கிற மாடலை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. செய்தவர்களுக்கு நான்கு கடிதம் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. ஒரு கடைக்காரர் வேறு அளவுக் கொக்கியைக் கொடுத்து, ராவினால் பொருந்திவிடும் என்றார். இன்னொருவர் பில் தரமாட்டேன், ராத்திரி வந்து வாங்கிக்கொள் என்றார். துப்பாக்கிச் சாமானைப் பில் இல்லாமல் வாங்க நான் என்ன திருடியா? இப்படி ஒரு வருஷம் அலைந்து கிடைத்தவர்தான் ஸ்ரீரங்கன். லைசென்ஸ் உள்ள கடை, சொன்ன தேதியில் வேலை, எண் போட்ட பில். ஒவ்வொரு தடவையும் “பழசை வெச்சுட்டுப் போங்கோ” என்பார். ஏன் என்று கேட்டதற்கு, “இதெல்லாம் வெளியில போனா தப்பான கைக்குப் போயிடும். நானே உடைச்சுப் போட்டுடறேன்” என்றார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்தேன். முதலாளியிடம் நானே போய், நம்பகமான ஆள் கிடைத்துவிட்டார் சார் என்று பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நானும் ஆம்ப்ரோஸும் ஆட்டோ பிடித்து லஸ்ஸுக்குப் போனோம். துப்பாக்கி உறையில், அவர் மடியில். பாதி வழியில் அவர் சொன்னார்:

“சாயங்காலம் தி. நகர் டூட்டி. ஆடித் தள்ளுபடி கலெக்‌ஷன். நாலு கடை.”

“தெரியும்ண்ணா.”

“நோரா தினம் கேக்கும், துப்பாக்கி சரியா கீதான்னு. தேவானை பாத்துச்சு, கையெழுத்து போட்ச்சுன்னு சொல்வேன். அத்தோட கேக்காது.” நோரா அவர் மனைவி. “நீ போட்டா ஏர்றேன் சிஸ்டர். போடலன்னா சொல்லிடு. அவ்ளோதான்.”

மூன்று வருஷம் போட்டிருக்கிறேன். முப்பத்தாறு கையெழுத்து. 

கடையில் ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்கோ வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள். தீர்த்தம் சாப்பிடறேளா?”

பேப்பரைப் பிரித்து மேஜையில் வைத்தேன். “இது பாலு துப்பாக்கியில இருந்த கொக்கி. போன அக்டோபர்ல உங்ககிட்ட விட்டுட்டுப் போனது. ஏப்ரல்ல புதுசுன்னு சொல்லி இவர் துப்பாக்கியில போட்டிருக்கீங்க.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இல்லை என்பார், சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்து நான் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பின்பக்கம் திரும்பி, உள்ளே இருந்த வேலையாளைப் பார்த்துக் கத்தினார்:

“ஏம்ப்பா, நன்னா அலம்பச் சொன்னேனோல்லியோ? சந்தனம் அப்படியே இருக்கு பாரு!”

அதுதான் அவருக்குக் கோபம். கழுவாமல் விட்டதுதான் குற்றம்.

“அப்போ இது தெரிஞ்சே செஞ்சது?” என்றேன்.

“உக்காருங்கோ. கத்தாதேங்கோ. நான் பொய் சொல்லப் போறதில்லை.” இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். “போன வருஷம் ஜனவரியிலயே எழுதிக் குடுத்திருக்கேன். பாருங்கோ. புனேல ஒருத்தர் லைசென்ஸோட இந்த மாடலுக்கு உருப்படி பண்றார். நல்ல உருப்படி. ஆறுக்கும் சேர்த்து ஆர்டர் குடுத்தாத்தான் பண்ணுவார், நாலு மாசம் ஆகும். உங்க முதலாளிட்ட போன்ல சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமோ? ‘சுடவா போறான்? கையில இருந்தாப் போறும். இருக்கறதுல எது தேவலையோ அதைத் தேச்சு மாத்திப் போட்டுண்டே இருங்கோ, பில்லு மட்டும் புதுசுக்குப் போடுங்கோ, பேங்க்காரா கேப்பா’ன்னார். ஒண்ணரை வருஷமா அப்படித்தான் ஓடிண்டிருக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஆறு துப்பாக்கிக்கும் சேர்த்து மொத்தமே அதே ஆறேழு தேய்ந்த கொக்கி. இதில் இருந்ததைக் கழற்றி அதில், அதில் இருந்ததைக் கழற்றி இதில். நாங்கள் ஒவ்வொரு தடவையும் பழசை வைத்துவிட்டுப் போனோம், அடுத்த தடவை அதையே வாங்கிக்கொண்டு போனோம். நான்தான் கொண்டு போனேன், நான்தான் கொண்டு வந்தேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நான் யாருக்கு சப்ளை பண்றேன்? உங்க முதலாளிக்கு. அவர் கேட்டதைக் குடுத்தேன். நம்பகமான சப்ளையர்னா அதுதானே?”

ஆம்ப்ரோஸ் துப்பாக்கி உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

“ஐயா, ஒரு தபா எங்க வேன்ல வாங்க. பாண்டி பஜார்ல இருந்து மாம்பலம் வரைக்கும்தான். பின்னாடி சீட்டு காலியாத்தான் கீது. பொட்டி மேல கால் வெச்சிக்கினு ஜாலியா வரலாம்.”

ஸ்ரீரங்கன் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் கடிதத்தின் நகலை நான் கேட்டபோது மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுக்கு அவர் நல்லவர்.

திரும்பி வந்ததும் ஆறு துப்பாக்கியையும் எடுத்தேன். இத்தனை நாளும் ஆளுக்கு ஒரு டம்மிதான் போட்டுப் பார்ப்பேன். அது வந்துவிட்டால் டிக். அன்று ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து போட்டு இழுத்தேன். நான்கு துப்பாக்கியில் சிக்கியது. ஒன்றில் இரண்டாவதிலேயே. தப்பில் எனக்கும் பங்கு இருந்தது. அதை யார் தலையிலும் கட்டுவதற்கில்லை.

முதலாளி முத்துகிருஷ்ணன் ஒரு மணிக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கம். காரைக் கிண்டியில் சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்திருந்தார். வாசலில் நின்று டிரைவரிடம் பேசியது எனக்குக் கேட்டது: “பிரேக் பேடு கம்பெனி பேடுதானே? பொட்டியப் பிரிச்சுக் காட்டினானா? டூப்ளிகேட்டப் போட்டு உசுர வாங்கிருவானுவ.”

நான் ஆம்ப்ரோஸ் துப்பாக்கியின் கொக்கியை மறுபடி கழற்றி, காகிதத்தோடு அவர் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் ஸ்ரீரங்கன் கடிதம். கதவருகே ஆம்ப்ரோஸ்.

அவர் கொக்கியைப் பார்க்கவில்லை. கடிதத்தைத்தான் பார்த்தார். “யாருட்ட கேட்டு லஸ்ஸுக்குப் போன?”

“துப்பாக்கி வேலை செய்யல சார்.”

“ஏம்மா, பதினெட்டு வருசமா கம்பெனி நடத்துதேன். ஒரு தோட்டா வெளிய போனதுண்டா? துப்பாக்கியப் பாத்தாலே ஒரு பய கிட்ட வரமாட்டான். சுடவா போறான்?”

“பாத்தா போதும்னா வேன் பூட்டையும் அட்டையில செஞ்சு மாட்டிடலாமே சார். அதுக்கு எதுக்கு வெளிநாட்டுப் பூட்டு? கேமரா எதுக்கு? மாசா மாசம் இன்ஜினியர் வந்து அதைத் துடைச்சிட்டுப் போறானே, எதுக்கு?”

“அது பேங்க் ரூல்.”

“இதுவும் பேங்க் ரூல்தான்.”

“இந்த வாய்தான வேண்டாங்கிறது.” ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். “நாலு மணிக்கு வண்டி கெளம்பணும். ஆடி சீசன். நாலு கடைக்காரனும் எங்க ஊர்க்காரன், லேட்டானா நாளைக்கே வேற கம்பெனியக் கூப்பிட்டுருவான். இன்னைக்கு ஒரு நாள் போடு. மத்ததப் பொறவு பேசிக்கிடலாம்.”

இன்றைக்கு ஒரு நாள். இந்த வார்த்தையை நான் வேறு ஒரு வாயிலும் கேட்டிருக்கிறேன். என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவள். அடையாறில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் சாரக் கயிறு இற்றுப் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். இன்னைக்கு ஒரு நாள் தாங்கும், ஏறு என்றான். அந்த ஒரு நாளில்தான் அம்மாவின் இடுப்பு உடைந்தது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவள் உட்கார்ந்தே நகர்ந்தாள். மேஸ்திரி புதுக் கயிறு வாங்கினான்.

நான் ரெஜிஸ்டரை மூடினேன்.

“நீ போடலைன்னா வேற ஆள வெச்சுப் போட்டுக்கிடுதேன்” என்றார் முதலாளி.

“போடுங்க சார். ஆனா துப்பாக்கி இருக்காது.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கே அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தக் காகிதம் வந்து சேரும் வரை பத்து நாள் துப்பாக்கி ஸ்டேஷனில்தான் கிடக்கும். ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காருவது முத்துகிருஷ்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: கம்பெனி ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் திரும்பப் பெறவும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தேவானைக்கு முழு அதிகாரம். அவரே கையெழுத்துப் போட்டு, அவரே சீல் குத்தியது. அதில் தேர்தல் என்ற சொல்லே கிடையாது.

அந்தக் கடிதத்தையும் லைசென்ஸ் நகலையும் பையில் வைத்துக்கொண்டு, கொக்கியை ஆம்ப்ரோஸ் துப்பாக்கியில் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.  வேலை போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பாலுதான் முதலில் துப்பாக்கியை எடுத்தான்.

“வாங்க நைனா, போலாம். அட்டைக் கத்தி வெச்சிக்கினு நாடகம் ஆடினது போதும்.”

ஆம்ப்ரோஸ் துப்பாக்கியைத் தோளில் மாட்டி முன்னால் நின்றார். பட்டாளத்துப் பழக்கம், ஆறு பேரும் தானாக ஒற்றை வரிசையில் வந்தார்கள். நான் பின்னால். மார்க்கெட் வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நாரை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னாம்மா, அதுக்குள்ள எலெக்‌ஷனா? அடுத்த வருஷம்னாங்களே?”

“எங்களுக்கு மட்டும் முன்னாடியே வந்திருச்சு” என்றேன்.

ஸ்டேஷன் ரைட்டருக்கு எங்களைத் தெரியும். தலை நிமிர்ந்து, வரிசையைப் பார்த்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். “இன்னாம்மா இது? நோட்டீஸ் ஒண்ணும் வரலியே.”

“நாங்களா ஒப்படைக்கிறோம் சார். லெட்டர் இருக்கு.”

படித்தார். திருப்பிப் படித்தார். தவறு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் பெரிய நோட்டை எடுத்தார். லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், தூக்குகிறவர் பெயர் என்று ஆறு வரியையும் கையெழுத்துக் கோணாமல் எழுதினார். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாக, பேனாவை எடுக்காத குறையாக, ஆறு முறை ‘நல்ல நிலை’ என்று எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். “கையெழுத்து போடு.”

நான் பேனாவை வாங்கவில்லை. “கடைசி கட்டத்தை அடிச்சு எழுதுங்க சார்.”

“ஏம்மா?”

“நல்ல நிலை இல்ல. பழுது.”

“யம்மா, டெபாசிட்டுக்கு இதெல்லாம் யார் பாக்குறா? எப்பவும் இப்பிடித்தான் எழுதுவோம்.”

“எப்பவும் தப்பா எழுதினோம். நாலுல தோட்டா சிக்குது. மீதி ரெண்டுல தேய்ஞ்ச கொக்கிதான் இருக்கு, இன்னைக்கு வந்துச்சு, நாளைக்கு வராது. ‘பழுது, சரிபார்த்த சான்று இல்லாமல் திருப்பித் தரக்கூடாது’ன்னு எழுதுங்க. ஆறு வரியிலயும். அடிச்ச இடத்துல எல்லாம் சுருக்கொப்பம் போடுங்க.”

“நோட்டு அசிங்கமாயிடும்மா.”

“ஆவட்டும் சார்.”

ஆம்ப்ரோஸ் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பின்னால் மற்ற ஐந்து பேர். ரைட்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு, முதல் வரியை அடித்தார்.

மூன்றாவது வரிக்கு வந்தபோது என் போன் அடித்தது. முதலாளி. மணி மூன்றரை.

“துப்பாக்கி எங்க?”

“ஸ்டேஷன்ல சார். ரசீது வாங்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பக்கம் அவர் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பட்டறையில்கூட அப்படி யாரும் பேசியதில்லை. கடைசியில், நாளையிலிருந்து வராதே என்றார்.

“சாவியைக் கொண்டு வந்து குடுத்துடறேன் சார். அந்தப் புனேக்காரரோட நம்பர் உங்க மேஜை மேல இருக்கிற லெட்டர்ல இருக்கு. நாலு மாசம் ஆகும்னாரு. இன்னைக்கே சொன்னா கார்த்திகையில வந்துடும்.”

போனை வைத்தேன். ரைட்டர் ஆறாவது வரியை அடித்து, பழுது என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு நோட்டைத் திருப்பினார். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். இரண்டாவது வரி ஆம்ப்ரோஸுடையது. அதைத் திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு, கீழே என் பெயரைப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஆம்ப்ரோஸ் வெறுங்கையோடு நின்றார். தோளில் எப்போதும் பெல்ட் இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டே, “நோராவுக்கு இன்னா சொல்றது சிஸ்டர்?” என்றார்.

“கையெழுத்து போட்டுடுச்சுன்னு சொல்லுங்கண்ணா.”